கடைசி மேசையில் ஒரு டேப்லெட்

நவ. 8, சனி
மழை. லண்டன் இல்ஃபோர்ட், தமிழ்ப் பாடசாலை, காலை வகுப்பு. ஹீட்டர் வேலை செய்யவில்லை, பிள்ளைகள் கோட்டோடு.

பாடத்தை வாசித்துக் காட்டும் வசதி டேப்லெட்டிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் ஒரு தட்டு, அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளுடையதிலும் போட்டுவிட்டேன். உண்மையில் த.வுக்காக. தர்ஷிகா, பதினொரு வயது. எழுத்து அவளுக்குப் பிடிபடுவதில்லை. ஆங்கிலப் பள்ளியில் டிஸ்லெக்சியா என்று சொல்லிவிட்டார்கள். இங்கே ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பது அவளுடைய அம்மாவின் கட்டளை. அவளுக்கு மட்டும் போட்டால் காட்டிக்கொடுத்தது போலாகும்.

குரல் வாசிக்க வாசிக்க, அந்தந்தச் சொல் மஞ்சளாகிறது. த. விரலால் தொடர்ந்தாள். முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த ராசாவின் கதை முடிந்ததும் கை தூக்கினாள், முதல் தடவையாக.

"மிஸ், அந்த ராசா லூசா?"

வகுப்பே சிரித்தது. சரியான கேள்வி. சந்தோஷத்தில் மீன் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

நவ. 11, செவ்வாய்
பல்வலி. பெற்றோரின் வாட்ஸ்அப் குழு கொதிக்கிறது. பிள்ளைகள் படிக்கவில்லை என்றல்ல. குரல் இந்தியத் தமிழாம், இலங்கைத் தமிழ் இல்லையாம்!

"எங்கட பிள்ளையள் இனி வர்றேன், போறேன் எண்டு கதைக்கப் போகுதுகள்."

இதே பிள்ளைகள் வீட்டில் தமிழே கதைப்பதில்லை. அதற்கு ஒருவரும் கொதிக்கவில்லை.

நவ. 14, வெள்ளி
நிர்வாகக் கூட்டம். ரோல்ஸ், தேநீர், நீண்ட பேச்சுகள். கடைசியில் தலைவர்:

"அந்தக் குரலை வாசிக்க ஏலாத பிள்ளையளுக்கு மட்டும் குடுப்பம் ரீச்சர். பின்னுக்கு ஒரு மேசை போட்டுவிடுவம்."

"எல்லாருக்கும் குடுத்தாத்தான் அண்ணை, அந்தப் பிள்ளையும் எடுக்கும்."

"எந்தப் பிள்ளை?"

ரோல்ஸ் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மேசைக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் நிர்வாகத்தில் இருக்கும் த.வின் அம்மாவும். சந்தேகம் வரக் கூடாதே! அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, அதனால் இன்னும் ஆத்திரம்.

நவ. 15, சனி
பின்மேசை. ஒரு டேப்லெட், ஒரு ஹெட்போன். மற்றவற்றில் குரலை நிறுத்தியாயிற்று. யாருக்கு வேண்டும் என்று வகுப்பில் கேட்டேன். கேட்ட நானே மடைச்சி. ஒரு பிள்ளையும் அசையவில்லை.

வாசிக்க த.வின் முறை. புத்தகத்தைத் திறந்தபடி நின்றாள்.

"மிஸ், வயித்துக்க நோகுது."

இடைவேளையில் பக்கத்தில் வந்து, மெதுவாக:

"எல்லாரும் போட்டா நானும் போடுவன் மிஸ்."

பிஸ்கட் கொடுத்தேன். வெட்கம்.

நவ. 22, சனி
குளிர். பஸ் பிந்தியது. த. வரவில்லை. அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"அவ இனி வரமாட்டா ரீச்சர். டான்ஸில விட்டிருக்கிறன். அங்க வாசிக்கத் தேவையில்லைத்தானே."

மதியம் தலைவர் கமெராவோடு. ஆண்டு விழா மலருக்குப் பின்மேசையைப் படம் எடுக்க வேண்டுமாம். தலைப்பும் தயார்: 'எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றல் வசதி.' வெறும் மேசை வடிவாக இல்லை என்று, கடகடவென வாசிக்கும் செயலாளரின் மகனைக் கூட்டிவந்து இருத்தி, ஹெட்போனை மாட்டினார்கள்.

"சிரியடா தம்பி."

சிரித்தான்.