ஒரு இடத்துக்கு இரண்டு பி.எல்.

1936 ஜூலை 6, திங்கள்

சாரல். விடிந்ததிலிருந்து விட்டு விட்டு. முந்தாநாள் கொடியில் போட்ட வேட்டி இன்னும் ஈரம். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். தெருவில் பாதிப் பேர் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாகக் கிளம்பிவிட்டார்கள். எனக்குக் குளிக்க மனசில்லை.

தபால். திருநெல்வேலி வக்கீலின் பதில். தற்சமயம் இடமில்லையாம், சௌகரியப்படும்போது தெரிவிப்பார்களாம். போன மாதம் முழுக்க இதே பாட்டு. உள்ளூர் முன்சீப் கோர்ட்டு வக்கீல்களையும் பார்த்தாயிற்று. ஒருவர் ஒளிக்காமல் சொன்னார்: "நானே இங்கன ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேருமா சேர்ந்து ஓட்டவாடே?"

பி.எல். பாஸ் செய்தால் அன்றைக்கே வக்கீல் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் ஒரு சீனியரிடம் அப்ரெண்டிஸாக இருந்தால்தான் கோர்ட்டில் வாதாட சன்னது கிடைக்கும் என்பதை அப்பாவுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் அவர் சொன்னது: "ஆனி முடியட்டும். அதுக்குள்ள எவனும் உன்னைச் சேக்கலைன்னா புளியங்குடிக்கு வந்து மண்டியில உக்காரு." எலுமிச்சம்பழ மண்டி. வேண்டாம் என்று சொல்ல வாயில்லை. அந்தப் பழத்தை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

சாயங்காலம் கோமதிநாயகம் வந்தான். நாலு வீடு தள்ளி. பள்ளிக்கூடம், மெட்ராஸ், ஹாஸ்டல் அறை, எல்லாம் ஒன்றாகவே. அவனுக்கும் இன்னும் எங்கும் இடம் கிடைக்கவில்லையாம். அவன் அதைச் சொன்ன பிறகு காப்பி ருசித்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் ருசித்தது.

ஜூலை 8, புதன்

மழை இல்லை, காற்று. கூரை ஓடு ஒன்று விழுந்தது.

கோர்ட்டு குமாஸ்தா பிச்சையா அண்ணாச்சி வந்தார். மெட்ராஸ் ஹைகோர்ட்டு வக்கீல் ஒருவர், மிகப் பெரிய கை, சீசனுக்குக் குற்றாலம் வந்திருக்கிறார். ஐந்தருவி ரோட்டில் பங்களா. அவரிடம் இருந்த அப்ரெண்டிஸ் இந்த வருஷம் முடித்துப் போகிறான். ஒரு இடம் காலி. ஒன்றே ஒன்று.

"ஞாயித்துக்கிழமை காலைல வரச் சொல்லுதாவ. கோமதிநாயகத்துட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரு தம்பி."

"சொல்லுதேன் அண்ணாச்சி."

சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணங்கள்:

அவனுக்கு ஃபஸ்ட் கிளாஸ், எங்கேயும் கிடைக்கும்.
எனக்கு செகண்ட் கிளாஸ், எங்கேயும் கிடைக்காது.
அவனுக்கு ஜலதோஷம்.

மூன்றாவதை எழுதும்போது எனக்கே சிரிப்பு.

ஜூலை 9, வியாழன்

அம்மா சொல்லிவிட்டாள்!

கோயிலில் அவன் அம்மாவைப் பார்த்தாளாம். மொட்டைக் கோபுர வாசல் காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே முழுக் கதையையும் ஒப்பித்திருக்கிறாள். எந்த பங்களா, எந்தக் கிழமை, எல்லாம். "பாவம், அவளுக்கும் ஒரே பிள்ளை. ரெண்டு பேருமா போயிட்டு வாங்களேன், என்ன குறைஞ்சு போச்சு?"

என்ன குறைஞ்சு போச்சா?

ஒரு மணி நேரத்தில் அவன் வந்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. "ஏலே ஆவுடை, நல்ல சமாச்சாரத்தை நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன். மறந்துட்டியோ?" ஆமாம் மறந்துவிட்டேன் என்றேன். உடனே நம்பிவிட்டான். அவனிடம் எனக்குப் பிடிக்காததே இதுதான். சந்தேகப்படவே மாட்டான்.

இதோடு விட்டாளா? அவனிடம் கோட்டு இல்லையே என்று என் பழைய கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தான். எனக்குத் தோளில் தொங்கும் கோட்டு. அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. தங்கச்சி செல்லம்மா கதவோரம் நின்று, "ஜட்ஜு மாதிரியே இருக்கீய" என்கிறாள். புதுக் கோட்டில் என்னைப் பார்த்து இவள் என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 11, சனி

அப்பா மண்டியிலிருந்து ஒரு கூடை பழம் அனுப்பியிருக்கிறார். பெரிய மனுஷனைப் பார்க்கப் போனால் கையில் எலுமிச்சம்பழம் இருக்க வேண்டும். வெறுங்கையோடு போகிற வழக்கம் நம்மிடம் இல்லை. காம்பு வாடாததாக, புள்ளி இல்லாததாகப் பொறுக்கித் துடைத்து வைத்தேன். கோமதிநாயகத்துக்கும் கொடு என்றாள் அம்மா. பழமுமா? முடியாது என்றேன்.

படிக்க உட்கார்ந்தேன். காண்ட்ராக்ட் ஆக்ட் தலையில் ஏறவில்லை. கோ.நா.தான் ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

அப்படி என்னதான் இருக்கிறது அவனிடம்? ஒரு தடவை படித்தால் போதும், பக்கத்தோடு சொல்லுவான். அது குருட்டு ஞாபகசக்தி, அறிவில்லை. ஹாஸ்டலில் சமையல்காரருக்கும் மானேஜருக்கும் சண்டை வந்தபோது இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துச் சிரிக்க வைத்தான். அது வெறும் வாய்ச்சவடால். எனக்கு டைபாய்டு வந்தபோது பரீட்சைப் படிப்பை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினான். அப்படியும் ஃபஸ்ட் கிளாஸ்! நான் இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்தும் செகண்ட் கிளாஸ். இதை எப்படித்தான் மன்னிப்பது?

வயிறு எரிகிறது. மோர் குடித்தேன். மோருக்கு ஆறுகிற எரிச்சல் இல்லை.

ஜூலை 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இரண்டு பேரும் ஒரே ஜட்காவில். வழியெல்லாம் சாரல். புதுக் கோட்டு நனையாமல் மடியில் மடித்து வைத்துக்கொண்டு போனேன். அவன் வண்டிக்காரரிடம் குதிரையின் வயிற்றுவலி பற்றிப் பேசிக்கொண்டே வந்தான்.

பங்களாவில் வக்கீல் இல்லை. பேரருவியில் இருப்பதாக வேலைக்காரர் சொன்னார். போனோம். பாறையில் துண்டோடு ஒரு பெரியவர், உடம்பெல்லாம் எண்ணெய். இன்னொருவர் அவர் முதுகை மாவு பிசைவதுபோலப் பிசைந்துகொண்டிருந்தார். அந்தப் பெரியவர்தான் வக்கீல். நான் கோட்டை மாட்டிக்கொண்டு பழத்தட்டை நீட்டினேன்.

"கோட்டு எதுக்கு அருவிக்கு? ரெண்டு பேரும் போய்க் குளிச்சுட்டு வாங்க."

குளித்தோம். தண்ணீர் மண்டையில் விழுந்த வேகத்தில் காண்ட்ராக்ட் ஆக்ட் மிச்சமும் போயிற்று. திரும்பி வந்து ஈரத் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு அவர் முன்னால் நின்றோம்.

சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. "சர்ட்டிபிகேட்டை அப்புறம் பார்த்துக்கலாம். இப்போ நான் ஜட்ஜ். ஆளுக்கு ஒரு கட்சிக்காரன். இவனுக்காக அவன் வாதாடணும், அவனுக்காக இவன். என்ன கேட்கணும்னா, அந்த இடத்தை என் கட்சிக்காரனுக்குக் கொடுங்கன்னு. யார் கட்சிக்காரன் ஜெயிக்கிறானோ அவனுக்கு இடம். ஆரம்பிங்க."

புரிந்ததும் மனசுக்குள் குதித்தேன். அவனுக்காக நான் சுமாராகப் பேசினால் போதும், இடம் எனக்கு. கோ.நா. நல்லவன், ஒழுக்கமானவன் என்று நாலு வார்த்தை. முடிந்தது.

முதலில் அவன். பக்கம் பக்கமாகப் பேசுகிறவன் இன்றைக்குத் திக்கினான். "ஐயா, ஆவுடையப்பன் நல்லாப் படிப்பான். தினம் காலைல எந்திரிப்பான்." வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவமானம். என்னைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதானா? பிறகு அவன் சொன்னான்:

"ஐயா, ஒண்ணு மட்டும் சொல்லுதேன். இவனுக்குப் பொறாமைங்கதே கிடையாது. நான் ஃபஸ்ட் கிளாஸ் வாங்குன அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால வந்து கையைப் பிடிச்சவன் இவன்தான். இந்த இடத்தைப் பத்தி எனக்குச் சொல்லிவிட்டதே இவன் வீட்டுலதான். எதிராளிக்கு யாரு சொல்லுவா?"

காது இரண்டும் எரிந்தன. அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே நம்புகிறான். அந்த நிமிஷத்தில் அவன் மேல் வந்த கோபம் மாதிரி இதுவரை யார் மேலும் வந்ததில்லை.

"அடுத்தது நீ" என்றார்.

வாயைத் திறந்தேன். நாலு வார்த்தையோடு நிறுத்த வேண்டும் என்று நினைத்துத்தான் திறந்தேன். நிற்கவில்லை. சமையல்காரர் சண்டை, பக்கத்தோடு ஒப்பிக்கிற ஞாபகம், எழுதினால் ஒரு அடித்தல் இல்லாத அவன் கையெழுத்து, எதிரியும் எதிரே உட்கார்ந்தால் மடங்கிப் போகிற அந்தச் சிரிப்பு, டைபாய்டு, கஞ்சி, அதோடு ஃபஸ்ட் கிளாஸ். வருஷக்கணக்காக ஒன்று விடாமல் மனசில் சேர்த்து வைத்ததெல்லாம் வரிசையாக வந்தது. எனக்குக் கூச்சமாக இருந்த இடத்தில்கூட நிறுத்த முடியவில்லை. ஒருவேளை அவன் சொன்னதைப் பொய்யாக்கத்தான் பேசினேனோ, மெய்யாக்கத்தான் பேசினேனோ, இப்போதும் தெரியவில்லை. "இவனை விட்டுவிட்டு என்னை எடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்" என்று முடித்தேன். முதுகு பிசைகிறவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வக்கீல் கண்ணைத் திறந்தார். "கட்சிக்காரனை இப்படிக் கரைச்சுக் குடிச்ச வக்கீலை நான் பார்த்ததில்லை. தீர்ப்பு கோமதிநாயகத்துக்கு."

கோ.நா. பதறிவிட்டான். "ஐயா, வாதாடினது அவன்லா? அவனைத்தானே எடுக்கணும்?"

"சொன்னது சொன்னதுதான். ஜெயிச்சா பலன் கட்சிக்காரனுக்கு. வக்கீலுக்கு அதுல பங்கு கிடையாது. இதை முதல்ல தெரிஞ்சுக்கணும்." என் பக்கம் திரும்பினார். "பீஸ் மட்டும்தான் வக்கீலுக்கு." நான் கொண்டுபோன தட்டிலிருந்தே ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். கெட்ட மனுஷர் இல்லை.

அதே ஜட்காவில் திரும்பினோம். இறங்குகிற இடத்தில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ சொன்னதெல்லாம் எனக்கே தெரியாதுலே. எங்க அம்மைகூட என்னை இப்பிடிக் கவனிச்சதில்லை." கண் கலங்கியிருந்தது. நான் கையை உருவவில்லை.

வீட்டில் அப்பா இருந்தார், புளியங்குடியிலிருந்து வந்திருந்தார். "போன காரியம் என்னலே ஆச்சு?"

"ஜெயிச்சாச்சு" என்றேன். பழத்தை அடுப்படியில் வைத்தேன்.

ஜூலை 13, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. சாரல். செல்லம்மா பீஸைப் பிழிந்து சர்பத் போட்டுவிட்டாள். நானும் ஒரு தம்ளர் குடித்தேன்.

ஜூலை 15, புதன்

வெயில். எல்லா வேட்டியும் காய்ந்தது.

கோ.நா. மெட்ராஸ் கிளம்பினான். அம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. பிச்சையா அண்ணாச்சியும் வந்திருந்தார். "உன் கூட்டாளிக்காக இப்பிடி வாதாடினியாமே தம்பி, ஊரே பேசுது" என்று முதுகில் தட்டினார். ஊரே பேசுகிறதாம். எனக்கு சன்னது இல்லை, பெயர் மட்டும் வந்துவிட்டது.

நாளைக்குக் காலை பஸ்ஸில் நான் புளியங்குடி. எனக்கென்று உட்கார ஒரு பலகையை மண்டியில் போட்டுவிட்டாராம் அப்பா.

கோட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று கழற்றப் போனான். அம்மா விடவில்லை. "வச்சுக்கோ ராசா, அவனுக்கு இனி என்னத்துக்கு?"

வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனான். தோளில் ஒரு சுருக்கம் இல்லை.