வாப்பா பார்த்த மக்கா

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.

அன்பு மகன் நஸ்ரிக்கு உம்மாவின் சலாம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழும்பி நடமாடுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்றுதான் யோசனை. நான் எடுக்கிற போன் கோளுக்கு நீங்கள் பதில் தருவதில்லை, அதனால் நீங்கள் இருக்கிற கட்டாருக்குப் போகிற நௌபரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

வாப்பாட முகத்தைக் கடைசியா ஒருக்காக் காட்ட ஏலாமப் போயிற்றா என்று நீங்கள் அனுப்பிய குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன் மகன். மருந்துச் செலவால் போனில் சின்ன டேட்டா பெக்கேஜுக்கு மாறியிருந்தோம், பகல் டேட்டா கொஞ்சம், இரவு பன்னிரண்டுக்குப் பிறகுதான் கூடுதல், அதனால்தானே நீங்களும் எப்போதும் அந்த நேரம் எடுப்பீர்கள். வாப்பா படுக்கையில் விழுந்ததும் மக்காவை நேரடியாகக் காட்டுகிற வீடியோவைப் போடச் சொன்னார். ஹஜ்ஜுக்குப் போகக் கொடுத்து வைக்காத மனிசன், கஃபாவைச் சுற்றுகிற சனத்தைப் பார்த்தபடியே கிடந்தார். உங்கள் தங்கச்சி அம்ரா வந்து, நிப்பாட்டுங்க உம்மா, பகல் டேட்டா முடிஞ்சா, ஒரு அவசரத்துக்கு நஸ்ரி காக்கா எப்படி வாப்பாவப் பாக்கிற என்று சத்தம் போட்டாள். ஓம் என்று போனைத் தூக்கினேன், வாப்பாவின் கண்ணும் போனோடு கூடவே வந்தது. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டேன். இவ்வளவு சுறுக்காகப் போய்விடுவார் என்று நான் நினைக்கவில்லை.

வெள்ளி காலை மௌத்தானார், ஜும்ஆவோடு அடக்கம் என்றார்கள். நீங்கள் எடுத்தபோது உங்கள் குரல் கேட்டது, பகல் டேட்டா மக்காவோடு முடிந்து வேகம் குறைந்திருந்ததால் படம் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றது. மாதக் கட்டணம் பிந்தியிருந்ததால் மேலதிக டேட்டா தர ஏலாது என்று மெசேஜ் வந்தது, கட்டப் போனால் கடையெல்லாம் ஜும்ஆவுக்குப் பூட்டு. பக்கத்து வீட்டுப் பாயிஸின் போனிலும் எடுத்துப் பார்த்தோம், நம் களப்புக் கரையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மௌத்தான பிறகு தன்னைப் படம் பிடிக்க வேண்டாம் என்று வாப்பா முன்பே சொல்லியிருந்தார், அதை மீறிப் படம் எடுத்துப் பிறகு அனுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. வாப்பாவை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது நீங்கள் வாப்பா, வாப்பா என்று கூப்பிட்டது எல்லாருக்கும் கேட்டது மகன். அன்று இரவு பன்னிரண்டுக்குப் பிறகு லைன் நன்றாக வந்தது, காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. உங்களுக்கென்று இருந்ததை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டேன், அது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெரிய பெக்கேஜ் எடுக்கச் சொல்லி அம்ராவிடம் சொன்னீர்களாம், வேண்டாம், உங்கள் செலவைப் பாருங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பொறுமையும் தருவானாக. தொழுகையை விடாதீர்கள், வாப்பாவுக்கு துஆச் செய்யுங்கள். கோபமென்றால் ஏசுவதற்காவது எடுங்கள். பன்னிரண்டுக்குப் பிறகு எடுங்கள் மகன், நான் முழித்திருப்பேன், உங்கள் முகத்தையாவது பார்க்கிறேன்.

உங்கள் உம்மா,
ஆமினா