மலைக்கு மேல் மூன்று விரல்

அன்று மாலை நீங்கள் எதையாவது பார்த்தீர்களா? எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் எனக்கு விடை தெரியவில்லை. இனித் தெரிய வழியும் இல்லை.

சென்ற வாரம் உங்கள் மகள் வந்து உங்கள் நோட்டைக் கொடுத்தாள். "ஆன்ட்டி, இதுல பூரா நட்சத்திரக் கணக்கா இருக்குது. வூட்ல யாருக்கும் ஒண்ணும் புரியல. நீங்களே வெச்சிக்கோங்க" என்றாள். உங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைக்கும் திரவத்தின் வாசனை அட்டையில் இன்னும் இருந்தது. கடைசியாக எழுதிய பக்கத்தைத் திருப்பினேன். தேதி இருந்தது. 'கோமுகி அணை' என்று இருந்தது. வழக்கம்போல் அவற்றை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒரு சொல்கூட இல்லை.

நாம் பழகியதே பைனாகுலரால்தான். உள்ளே பூசணம் பிடித்துவிட்டது என்று கடைக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் அதைப் பிரித்துத் துடைத்து, சரி பார்ப்பதற்காக வாசலில் நின்று வானத்தை நோக்கினீர்கள். அந்தி நேரம், மூன்றாம் பிறை. வெகுநேரம் கீழே இறக்கவில்லை. "இத்தினி நாளு பிறைய வெறுங்கண்ணாலயே பாத்துக்கினு இருந்தேன். இன்னா மேடு பள்ளம்!" என்றீர்கள். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு 'ப்ரொபசரம்மா' என்று பெயர். கேலியாகத் தொடங்கியது, கடைசிவரை நிலைத்துவிட்டது.

நம் விதியை வகுத்ததும் நீங்கள்தான். ஆளுக்கொரு நோட்டு. பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, பேசாமல் எழுத வேண்டும். உயரத்தை, நீட்டிய கையின் விரலாலும் சாணாலும் அளக்க வேண்டும். பிறகு நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் நம் இருவருக்கும் பொதுவான பெரிய நோட்டில் ஏறும். உங்கள் ஜமாத்தில் பிறைக்குச் சாட்சி கேட்கும் வழக்கத்திலிருந்து எடுத்தது என்றீர்கள். "ஒருத்தர் கண்ணு ஆசைப்படும், ப்ரொபசரம்மா. ரெண்டு பேரு கண்ணு ஒரே மாதிரி ஆசைப்படாது." எதையும் எளிதில் நம்பாத எனக்கு அது பிடித்துப்போயிற்று. எரிகற்கள், கிரகணங்கள், வியாழனின் நிலாக்கள் என்று அந்த விதியின்படி நிறைய எழுதினோம். எத்தனையோ நல்ல காட்சிகளை, ஒத்துப்போகவில்லை என்பதற்காக விட்டும் இருக்கிறோம். ஒருமுறைகூட வருத்தப்பட்டதில்லை.

பிறகு சர்க்கரை உங்கள் சிறுநீரகத்தைப் பிடித்தது, அப்படியே கண்ணையும். வால்நட்சத்திரச் செய்தி வந்தபோது இடது கண் முழுதாகப் போயிருந்தது. வலது கண்ணில் ரத்தக் கசிவு. எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "வாலு இருக்கறத ஒண்ணு பாத்துடணும். அப்புறம் மூடினா மூடட்டும்."

ஐப்பசி மழை. நாள்தோறும் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு மாலையும் அது மேற்கே கொஞ்சம் மேலே ஏறும், கொஞ்சம் மங்கும். கல்வராயன் மலையின் விளிம்பைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குமேல் காத்திருந்தால் உங்கள் கண்ணுக்கு எட்டாது. மலைமேல் உள்ள வெள்ளிமலை ஊருக்கே போயிருந்தால் முன்பே கிடைத்திருக்கும். டயாலிசிஸ் உடம்பு அந்த மலைப்பாதை வளைவுகளைத் தாங்காது. அதனால் அணைக்கரைதான்.

மூன்று மாலைகள் மேகத்தைப் பார்த்துத் திரும்பினோம். நான்காம் நாள் கரையில் ஏறும்போதே மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மா பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, இன்னிக்காச்சும் வாலு வருமா?"

"வரும் வரும். வந்தா ஒனக்கும் ஒரு துண்டு வெட்டித் தரேன், வறுத்துக் குடு" என்றீர்கள்.

"முள்ளு ஜாஸ்தியா இருந்தா வேணாம்மா!"

இருவரும் சிரித்தீர்கள். உங்கள் கை என் தோளில் இருந்தது. அதன் எடை குறைந்திருந்ததைக் கவனித்தேன்.

மலைக்கு மேலே மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்தது. சின்னது, விளிம்பை ஒட்டி. கணக்குப்படி வால்நட்சத்திரம் அதற்கு வெகு மேலே, மேகத்துக்குள் இருக்க வேண்டும். கிழிசலில் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் பைனாகுலர் அங்கேயே நின்றது. நகரவே இல்லை. உங்கள் உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு இறக்கினீர்கள், முதுகைத் திருப்பிக்கொண்டீர்கள். நானும் திரும்பினேன். 'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் ஒத்துப்போகாது, ஏறாது. உங்கள் பைனாகுலர் நின்ற இடத்தை நினைவில் வைத்து எழுதினேன்: 'மலைக்கு மேல் மூன்று விரல். வால் மேல்நோக்கி.' நான் எழுதிய முதல் பொய்.

வெளிச்சம் போய்விட்டது. என் எழுத்தை உங்களால் படிக்க முடியாது. "இன்னிக்கு மாத்திக்க வேணாம். நீங்க படிங்க" என்றீர்கள். விதி மீறப்பட்டது அங்கேதான். படித்தேன். நீங்கள் உங்கள் நோட்டை வலது கண்ணுக்கு மிக அருகில் தூக்கி, "மலைக்கு மேல மூணு விரல். வாலு மேல் பக்கமா. அதேதான், ப்ரொபசரம்மா" என்றீர்கள். உங்கள் குரலில் மகிழ்ச்சி இருந்தது. பெரிய நோட்டில் ஏற்றினேன்.

இப்போது அந்த வெற்றுப் பக்கத்தை என்ன செய்வது? ஏதோ ஒளியைக் கண்டு, இருட்டில் பேனா தாளில் படாமல் போயிருக்கலாம். ஒன்றும் காணாமல், நான் படித்ததைக் கேட்டுத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். என்னை ஏமாற்றமடையவிடக் கூடாது என்று நீங்கள் நினைத்திருந்தால், நான் யாருக்காகப் பொய் சொன்னேன்? ஆறுதலாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நான் பயின்ற படிப்பு அதற்கு இடம் தருவதில்லை.

தை பிறக்கும் முன் நீங்கள் போய்விட்டீர்கள். நான் இப்போதும் மாலையில் மொட்டைமாடிக்குப் போகிறேன், பார்க்கிறேன், என் நோட்டில் எழுதுகிறேன். ஒருவர் பார்த்தது பெரிய நோட்டில் ஏறாது. அதில் கடைசி வரி அந்த மூன்று விரல்தான். அதை அடிக்கவும் கை வரவில்லை, விட்டுவைக்கவும் மனம் ஒப்பவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வரி மட்டுமே.

அந்த மாலைக்கு மறுநாள் நடந்ததை உங்களிடம் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

மறுநாள் பிற்பகலிலேயே மேகம் விலகியது. ஐந்து மணிக்கு உங்களுக்கு போன் செய்தேன். "வானம் நல்லா இருக்கு. கார் எடுத்துக்கிட்டு வரட்டுமா?"

"அதான் நேத்தே பாத்துட்டோமே. இன்னிக்கு ஒடம்பு முடியல. நாளைக்கு டயாலிசிஸ் வேற. நீங்க ஒருவாட்டி போய்ப் பாருங்க" என்றீர்கள்.

நேற்று பார்க்கவில்லை, கிளம்புங்கள் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "சரி, படுத்துக்குங்க" என்றேன்.

தனியாக அணைக்குப் போனேன். ஆறரைக்கு வெள்ளிக்கோள் மலை விளிம்பில் நின்றது. அதற்கு வலப்பக்கம், ஒரு சாண் உயரத்தில், வால்நட்சத்திரம் இருந்தது. பைனாகுலர் தேவைப்படவில்லை. கரையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஏழு மணிவரை தெரிந்தது. டயாலிசிஸுக்கு மறுநாள் காலை, முந்தின இரவே உங்கள் வலது கண்ணில் ரத்தம் இறங்கிப் பார்வை போய்விட்டதாக உங்கள் மகள் போன் செய்தாள்.