கரவானில் விருந்தாளி எங்கே இருப்பது

இன்று காலை, காரில் இழுத்துப் போகும் நம் கரவானின் கதவைத் திறந்தேன். மேல் அலுமாரியிலிருந்து ஏலக்காயும் பழைய தேயிலையும் கலந்த வாசனை வந்தது. நீ கண்ணை மூடி ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது. உன் தேயிலைத் தகரப் பேணியின் மூடி இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. கரவானை வாங்க ஒரு தம்பதி வருவதாக இருந்தது. விற்பது என்று தீர்மானித்தவள் நான்தான். தனியாளுக்கு இது எதற்கு என்று எனக்கு நானே காரணம் சொல்லியிருந்தேன். காரணம் சொல்வதில் நான் கெட்டிக்காரி என்பது உனக்குத் தெரியும்.

எண்பத்துநாலின் வசந்தத்தில், லொசானுக்கு வெளியே அந்த வாகன விற்பனை முற்றத்திலும் காரணங்களோடுதான் நின்றேன். பேராதனை விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்து நாம் பேசிவந்த பயணத்துக்காகத்தான் வண்டி வாங்கப் போனோம். இனியும் தள்ளிப்போட்டால் நடக்காது என்று, நீ ஜெனீவாவிலிருந்து ரயிலேறி நான் இருந்த ரெனானுக்கு வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாய். நான், காருக்குப் பின்னால் கொழுவும் சின்னக் கரவானின் பக்கம். விலை குறைவு, போன இடத்தில் அதை விட்டுவிட்டுக் காரில் சுற்றலாம். நீ, எஞ்சினும் கட்டிலும் ஒன்றாக இருக்கும் மோட்டார் வீட்டின் பக்கம்.

"எடியே, மழை பெய்தாலும் இறங்காமல் தேத்தண்ணி வைக்கலாம். நீ ஓட்டு, நான் ஊத்தித் தாறன்."

"மலை வளைவிலை கொதிதண்ணி என்ரை மடியிலைதான் ஊத்துப்படும்."

"உனக்கு எல்லாத்திலையும் ஒரு ஆராய்ச்சி."

பிறகு நீ செய்தது எந்த ஆராய்ச்சியிலும் இல்லாதது. பையிலிருந்து பிளாஸ்க்கையும் நீ பொரித்த றோல்ஸ் பொட்டலத்தையும் எடுத்து, விற்பனையாளரை மோட்டார் வீட்டுக்குள் விருந்துக்கு அழைத்தாய். உயரமான மனிதர். மேசையருகில் நம் இருவருக்கே இடம் போதவில்லை. கடைசியில் ஓட்டுநர் ஆசனத்தில், நமக்கு முதுகைக் காட்டியபடி றோல்ஸ் தின்றார். அடுத்தது கரவான். அங்கே யன்னலோர மேசையைச் சுற்றி மூவரும் முகம் பார்த்து இருந்தோம். உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்தது, இன்னொன்று கேட்டார்.

"வந்த ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுறதோ? இதையே எடுப்பம்," என்றாய். என் காரணங்களில் ஒன்றையும் நீ ஏற்கவில்லை. ஆனாலும் வென்றது என் கரவான்.

உனக்கு ஓட்டத் தெரியாது. அதனால் பின்னுக்கு எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் கரவான் மறுபக்கம் போகும். ஏரிக்கரை முகாமில் நீ பின்னால் நின்று கையை ஆட்டுவாய்: "வா, வா, இன்னும் வா... ஐயோ, நில்லடி!" அந்த "நில்" எப்போதும் பிந்தித்தான் வரும். பின்விளக்கு உடைந்தது. பக்கத்துக் கூடாரக்காரரின் உடுப்புக் கொடி சாய்ந்தது. அன்று மாலையே அவரைக் கூட்டிவந்து நம் மேசையில் சோறு போட்டாய்.

இன்று வந்த தம்பதி நல்லவர்கள்தான். தேநீர் வைத்திருந்தேன். கணவர் டயரைத் தட்டிப் பார்த்தார். மனைவி வாசலில் நின்றபடியே அளவுநாடாவை நீட்டினாள். உள்ளே வந்து இருங்கள் என்றேன். நேரமில்லை என்றாள், இந்த மேசையைக் கழற்றிவிட்டுச் சைக்கிள்கள் வைக்கப்போகிறார்களாம். மன்னிக்கவும், விற்கவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார்கள். முதல்முறையாக என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை.

அவர்கள் போனபின் கரவானைக் காரில் கொழுவி, மர நிழலை நோக்கிப் பின்னுக்கு எடுத்தேன். இப்போது நேராக வருகிறது. கைகாட்ட ஒருவரும் இல்லை. ஆனாலும் உன் "நில்" பிந்தித்தான் வரும் என்று என் கால் இன்னும் நம்புகிறது. முன்னமே பிரேக்கை மிதித்துவிட்டது. இறங்கிப் பார்த்தேன். மரத்துக்கு இன்னும் ஒரு கையகலம் இருந்தது.