மான்ட்ரியல் நேரம்

அன்பு மகளுக்கு,

"நான் பாடினது கேட்டுச்சாம்மா?" என்று கேட்டாய். நம் ஊர் ஸஹ்லே தேவாலயம் முழுக்கக் கேட்டது.

ஜோர்ஜெட் அத்தை முதல் வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மான்ட்ரியலிலிருந்து நீ பாடிய குரல் அதில் ஒரு தாளம் பிந்தி வந்தது. பாடகர் குழுவில் நீ பழக்கிய பெண்கள், தாளம் காட்டும் என் கையைப் பார்க்காமல் உன் குரலோடு போனார்கள். கிறிஸ்துமஸ் கச்சேரி கெட்டது.

"நாங்க ஸஹ்லே நேரத்துல பாடினோம், அவளுக மான்ட்ரியல் நேரத்துல பாடினாளுக டீச்சர்" என்றான் பையன்கள் பக்கம் பாடிய நக்கூலா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கயிறு சுற்றுகிறவள் வேறு ஊரில் இருந்தால் தாண்டுகிறவளுக்குக் கால் தடுக்காதா?

போனை அணைக்கச் சொல்லக் கையை உயர்த்தினேன். அந்தக் கை உன் தாளத்துக்கே இறங்கியது.

நான்கு வருடமாக "அடுத்த டிசம்பர் வரேம்மா" என்கிறாய். வரும் டிசம்பரில் குழுவின் இரண்டாம் வரிசையில், உன் இடத்தில் நின்று பாடிப் பார்.

உன் அம்மா