முதல் வருடம் போட்ட தடுப்பூசி

12.6.2006, திங்கள்
சேலையூரில் பஸ் கிடைக்கவில்லை. வார்டுக்குள் நுழையும்போதே எட்டு மணி. சம்பந்தம் என்ற கோவளத்து மீனவருக்கு ரத்தம் எடுத்தேன். அவசரத்தில் ஊசிக்கு மூடி போடப் போய், இடது கை விரலில் குத்திவிட்டது. மூடி போடக் கூடாது என்று நர்ஸிங் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். சோப்பு போட்டுக் கழுவினேன். அவர் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

13.6.2006
அவருடைய கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். ஹெபடைட்டிஸ் பி என்ற மஞ்சள் காமாலைக் கிருமி, பாசிட்டிவ்.
நான் அதற்கான தடுப்பூசி மூன்று டோஸும் போட்டவள்தான். ஆனால் 2003இல். அது உடம்பில் ஏறியதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இத்தனை நாள் நிற்குமா? சிலருக்கு ஏறுவதே இல்லை என்றார்களே — நான் அந்தச் சிலரில் ஒருத்தியா?
வார்டு பொறுப்பில் இருக்கும் ஜெயக்கொடி சிஸ்டரிடம் சொன்னால் மூடி போட்டது தெரிந்துவிடும். படிப்பில் இது கடைசி வருடம்.

14.6.2006
இன்றும் சொல்லவில்லை. சோற்றைத் தள்ளி வைத்தேன். அம்மாவிடம் தலைவலி என்றேன்.

15.6.2006
சம்பந்தமே சொல்லிவிட்டார். அவரைப் பார்த்துவிட்டு நகர்ந்த டாக்டர் வைத்தீஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.
"சார், எனக்குப் போட்ட ஊசி அந்தப் பொண்ணு வெரல்ல குத்திக்கிச்சு. மூணு நாளா சொல்லாம கீது. என் ரத்தத்துல கிருமி கீதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதுக்கு இன்னா பண்ணணுமோ பண்ணுங்க."
வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. உனக்கென்னய்யா வந்தது?
டாக்டர் திட்டவில்லை. அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, ரத்தம் எடுக்க அனுப்பினார்.

16.6.2006
எதிர்ப்புச் சக்தியின் அளவு நான்கு. குறைந்தது பத்தாவது இருக்க வேண்டும்.
"வருஷம் போகப்போக அளவு குறையும், ஜஹீரா. அதனால பாதுகாப்பே போயிடுச்சுன்னு இல்ல. உடம்புக்கு ஞாபகம் இருந்தா இன்னொரு டோஸ்ல கிடுகிடுன்னு ஏறும்."
"ஞாபகம் இல்லன்னா, சார்?"
டாக்டர் சீட்டை எடுத்து எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கையில் உடனே காக்கும் தயார் எதிர்ப்புச் சக்தியான இம்யூனோகுளோபுலின், இன்னொரு கையில் தடுப்பூசி. முழு விவரம் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியுமாம். ஆறு மாதம்!

19.6.2006
மூடி போட்டதற்கும் மறைத்ததற்கும் இரண்டு வாரம் வார்டுக்கு வரக் கூடாது என்று சிஸ்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டேன். அத்தா கேட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனார்.

30.8.2006
விடிந்ததும் கண்ணாடி. கண்ணில் மஞ்சளா? வெளிச்சம்தானா?

18.12.2006, திங்கள்
கிருமி இல்லை. தொற்று வந்துபோன அடையாளமும் இல்லை. அளவு அறுநூற்று நாற்பது. மூன்று வருடம் ஆகியும் உடம்பு மறக்கவில்லை என்றார் டாக்டர். காகிதத்தை நான்கு முறை படித்தேன்.
மத்தியானம் சம்பந்தத்தின் மனைவி முத்தாலம்மாள் தடுப்பூசிக்கு வந்தார். அவருக்கு இது இரண்டாவது டோஸ். நான்தான் போட்டேன். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.
"வெளிய நிக்கிறாரு. உன்னை வார்டுல நிறுத்திட்டாங்கன்னு யாரோ சொன்னாங்களாம். அவராலதான்னு உன் மூஞ்சில முழிக்க வெக்கமா கீதாம்."
பஞ்சை அவரையே அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வெளியே போனேன்.