லோ ஊசியில் கால் சுற்று

பிப்ரவரி 3, திங்கள்

ஸ்டோரில் முதல் நாள். நட்டு, போல்ட், டப்பா, ஸ்டிக்கர். ஒன்பது வருடமாக லைன் கடைசியில் புதுக் காரில் ஏறி, மேடு பள்ளத்தில் ஓட்டி, எங்கே கடகடக்கிறது என்று காதால் கேட்டுச் சொன்னவன் நான். இப்போது ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.

வருடாந்தர மெடிக்கலில் காது டெஸ்ட் ஃபெயில். இரண்டு காதிலும் குறைவாம். சூப்பர்வைசர் நம்பிராஜன் சார் தனியே கூப்பிட்டு, "இங்க பாருங்க டில்லி, பதினேழாம் தேதி மறு டெஸ்ட் இருக்கு. அதுவரைக்கும் ஸ்டோர்ல இருங்க" என்றார். அதிலும் ஃபெயிலானால் ஸ்டோர்தான், ரிட்டயர் ஆகும்வரை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மனைவி கலைமதியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கும்போது அவள் தூங்குகிறாள். அவள் கம்பெனியில் மத்தியான பி ஷிப்ட் முடிந்து நடுராத்திரி அவள் வரும்போது நான் தூங்குகிறேன். எப்போது சொல்வதாம்?

பிப்ரவரி 4, செவ்வாய்

சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல் ட்ரக்கை எடுத்தேன். லைனில் கூட வேலை பார்த்த பிரவீன் புனேவுக்கு மாற்றலாகிப் போகும்போது என் தலையில் கட்டிய நைட்ரோ ட்ரக். ரிமோட்டில் ஓடும், முழ நீளம்தான், உள்ளே நிஜ எஞ்சின். கொடுக்கும்போது எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னான்: "புகை வராம மட்டும் ஓட்டாதீங்க. எஞ்சின் காலி." அவன் போனதும் கலைமதி கேட்டாள்: "நாப்பது வயசுல பொம்மை வண்டி. புத்தி கீதா உனக்கு?"

வேகம் பிடித்துவிட்டால் பறக்கிறது. நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போதுதான் இழுவை இல்லை. பிள்ளைப்பாக்கம் லேஅவுட் மண்மேட்டில் நிறுத்தி எடுத்தால், குபுகுபுவென்று புகை விட்டு முக்குகிறது.

பிரவீனுக்குப் போன் போட்டேன். "ஐட்லிங்ல ஃப்யூல் ஜாஸ்தி போவுதுண்ணா. அப்ப ஃப்யூலை வுட்ற லோ ஊசியைத் துளித்துளியா மூடு. அப்பறம் ஃப்யூல் வர்ற டியூபைக் கிள்ளிப் பாரு. சத்தம் லேசா ஏறி, ரெண்டு மூணு செகண்ட்ல அணைஞ்சா கரெக்ட். லேட்டா அணைஞ்சா இன்னும் ஜாஸ்தின்னு அர்த்தம்."

காதால் செய்யும் வேலை. அதனால்தான் ஆசை வந்தது, ஒத்துக்கொள்கிறேன். இந்த எஞ்சினைக் கேட்டே சரி பண்ணிவிட்டால் என் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். யாருக்கும் காட்ட இல்லை. எனக்கு.

பிப்ரவரி 5, புதன்

பிடித்துவிட்டேன். அரைக்கால் சுற்று மூடினேன். கிள்ளினேன். சத்தம் ஏறியது, மூன்று செகண்டில் அணைந்தது. மேட்டில் ஒரே தம்மில் ஏறியது. ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

அதே ட்ரக், அதே மேடு, மறுபடி புகை. கிள்ளினால் எட்டு செகண்ட் ஓடுகிறது. அப்படியானால் நேற்று நான் கேட்டது என்ன?

மறுபடி மூடினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மறுபடி புகை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கலைமதியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். "மெஷின் சொல்லிட்டா ஆச்சா? நான் சமையக்கட்டுல உன்ன முணுமுணுத்துத் திட்றது மட்டும் ஹால்ல எப்டி கேக்குது உனக்கு?"

சிரித்தேன். வாய் மட்டும்தான் சிரித்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்றும் சரி செய்தேன். இன்றைக்கும் கெட்டிருக்கிறது. தினமும் சாயங்காலம் சரி என்று நானே சொல்கிறேன், மறுநாள் தப்பு என்றும் நானே சொல்கிறேன். இதில் எந்த டில்லி சொல்வதை நம்ப? போச்சு. காது போச்சுடா. ஸ்டிக்கர் ஒட்டிக்கினே கெட.

பிப்ரவரி 12, புதன்

லைனில் போல்ட்டை முறுக்கியதும் அதன் தலையையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்போம். போல்ட் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிவிடும். இன்றைக்கு ஊசியைச் சரி செய்ததும் அதே மாதிரி ஒரு கோடு போட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கோடு விலகியிருந்தது. கால் சுற்று திறந்திருக்கிறது. அதிர்வில் இவ்வளவு நகராது.

கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது லேஅவுட்டில் மாடு மேய்க்கும் கோவிந்தம்மா அக்கா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். "காலைல உம்பொண்டாட்டி, சாய்ந்தரம் நீ. ரெண்டு வேளையும் இத்த ஓட்டிக்கினு இருந்தா எம்மாடு எங்கப்பா மேயும்? ஒரு வேளையாச்சும் வுடுங்க."

கலைமதிக்கு ஆறு மணி டீ பிரேக். போன் போட்டேன். "ஊசியைத் தொட்டியா?"

"நீ போனப்பறம் டெய்லி ஒரு ரவுண்டு வுடுவேன். காலைல எஞ்சின் ஜில்லுனு கீதா, பட்டுனு அணைஞ்சிடுது. புகையே இல்ல. காலியாயிடும்னு உம்பிரவீனு சொன்னான்ல, அதான் கொஞ்சம் தொறந்து வுட்டேன்" என்றாள்.

"சொல்றதுக்கு இன்னா?"

"பொம்மைன்னு திட்டிட்டு நானே ஓட்றேன்னு எந்த மூஞ்சிய வெச்சினு சொல்றது?"

மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் குளிர்ந்த எஞ்சினுக்குத் திறந்திருக்கிறாள், நான் சூடான எஞ்சினுக்கு மூடியிருக்கிறேன். ஒரு மெஷின், இரண்டு ஷிப்ட், கைமாற்றிச் சொல்ல ஆளில்லை. எங்கள் பிளான்ட்டில் இதற்கு மெமோ கொடுப்பார்கள்.

ஆனால் காது? தினமும் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஒரு நாள்கூடத் தப்பவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாடு பார்த்துக்கொண்டு நின்றது.

பிப்ரவரி 14, வெள்ளி

மறு டெஸ்ட் விஷயமாகக் கூப்பிட்டார்கள். மெடிக்கல் ரூமில் புது டாக்டரம்மா. போன தடவை டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி எங்கே இருந்தேன் என்று கேட்டார். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில், காது கிழியும் சத்தத்தில் ஓவர்டைம், விடிய விடிய. ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள், போனேன். அங்கிருந்து நேராக டெஸ்ட்டுக்கு.

"யாருமே கேக்கலையா? காது களைச்சிருந்தா குறைவாத்தான் காட்டும்" என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எந்தச் சத்தமும் கூடாதாம். ட்ரக்கும் கூடாதாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கலைமதியுடன் இரண்டு மணி நேரம். ரொம்ப நாள் கழித்து ஒரே நேரத்தில் இரண்டு பேரும் முழித்திருந்தோம். காற்றில் அவள் மெதுவாகத்தான் பேசினாள். ஒரு தடவைகூட நான் "இன்னா?" என்று கேட்கவில்லை. நாளைக்குத்தான் டெஸ்ட்.

பிப்ரவரி 17, திங்கள்

பாஸ்.

வலது காதில் கீச்சுச் சத்தம் துளி குறைவாம், வேலைக்குத் தடையில்லையாம். அடுத்த திங்கள் முதல் லைன். இனி காது அடைப்பான் போடாமல் பிரஸ் ஷாப் பக்கம் பார்த்தால் ரிப்போர்ட் எழுதுவாராம் டாக்டரம்மா. எழுதட்டும் தாயே.

பிப்ரவரி 23, ஞாயிறு

அஞ்சு நிமிஷம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கின பிறகுதான் ஊசியைத் தொட்டோம். நான் கேட்டேன், அவள் திருப்பினாள். அரைக்கால் சுற்று. மேட்டில் நின்ற இடத்திலிருந்து மண்ணை வாரி இறைத்துக்கொண்டு ஏறியது. ரிமோட்டை என்னிடம் தரவே இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

லைன். முதல் கார், வெள்ளை. கதவைச் சாத்திக்கொண்டு மேடு பள்ளத்தில் ஓட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை.

டெஸ்ட்டில் ஃபெயிலான பிறகு லைனில் இருந்த கடைசி இரண்டு நாளும், ஒன்றும் கேட்கவில்லையென்றால் மறுபடி காரில் ஏறுவேன். காரில் சத்தம் இல்லையா, இல்லை எனக்குத்தான் கேட்கவில்லையா? ஒவ்வொரு காரையும் மூன்று தடவை ஓட்டுவேன்.

இன்றைக்கு ஒரு தடவைதான் ஓட்டினேன். இறங்கி, "சத்தம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.